நம்ம பக்கம் துப்பாக்கி யார் கையில இருந்துச்சு?



மதுரைன்னாலே சினிமாக்காரங்களுக்கு அரிவாள்தான். முதுகுல சொருகின அரிவாள், சுமோ வண்டி, புழுதி. பார்த்துப் பார்த்து நமக்கே பழகிப்போச்சு. ஆனா ஒரு கேள்வியை யாரும் கேக்குறதில்லை. இம்புட்டு வெட்டுக்குத்து நடந்த ஊர்ல ஏன் துப்பாக்கி இல்லை? வடக்கே உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் சின்னத் தகராறுக்கும் சுட்டுட்டாங்கன்னு செய்தி வருது. நம்ம பக்கம் அது அபூர்வம். நம்ம ஆளுங்க சாந்தமானவங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அப்ப காரணம் வேற. அது இருநூறு வருஷத்துக்கு முந்தின கதையில இருக்கு.

துப்பாக்கிங்கிற சொல்லே நம்ம சொல் இல்லை, துருக்கிப் பாஷையில இருந்து வந்தது. சொல் வந்தா சாமானும் வந்திருக்கும்ல. நாயக்கர் காலத்துலயும் அதுக்கப்புறம் பாளையக்காரர் காலத்துலயும் கோட்டைக்குக் கோட்டை துப்பாக்கி இருந்துச்சு. கயித்துத் திரியில நெருப்பு வச்சு சுடுற ரகம். ஒரு குண்டு போட்டு அடுத்த குண்டு கெட்டிக்கிறதுக்குள்ள எதிரி பக்கத்துல வந்துருவான். அதனால வேலும் ஈட்டியும் வளரியும்தான் சண்டைக்கு முக்கியம்.

1755ல நடந்ததைப் பாருங்க. கும்பினிப் படையோட தளபதி கர்னல் ஹெரான் மதுரைச் சீமைக்குள்ள வந்து, திருமோகூர் பக்கம் கோயில்குடியில புகுந்து கோயில் சாமி சிலைகளை அள்ளிட்டுப் போனான். படை நத்தம் கணவாய் வழியா திரும்பும்போது நம்ம மேலூர்ப் பக்கத்துக் கள்ளர்நாட்டு ஆளுங்க மறிச்சு அடிச்சாங்க. அவங்க கையில நீள நீளமான ஈட்டி. எதிர்ல இருந்தது துப்பாக்கியும் பீரங்கியும். இருந்தும் அந்தக் குறுகலான காட்டுப் பாதையில துப்பாக்கி எடுபடல. சிலைகளை மீட்டுட்டாங்க. ஹெரானைப் பின்னாடி கும்பினியே விசாரணை வச்சு வேலையை விட்டு அனுப்பிருச்சு.

இந்த மாதிரி அடி வாங்கினவன் சும்மா இருப்பானா? 1799ல கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்டாங்க. 1801 அக்டோபர் 24ல திருப்பத்தூர்ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்டாங்க. அதுக்கு அடுத்ததா செஞ்ச காரியம்தான் நம்ம கதைக்கு முக்கியம். 1801 டிசம்பர் 1ல சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு அறிவிப்பு போட்டாரு. தெக்குச் சீமையில கும்பினி அனுமதி இல்லாம எவனும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாது, இருக்கிறதை ஒப்படைக்கணும், கோட்டைகளை இடிக்கணும். துப்பாக்கி மட்டும் இல்லை, ஈட்டி, வேல்கம்பும் சேர்த்திதான். வெல்ஷ்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி, வளரி எறியவும் ஈட்டி எறியவும் தனக்குச் சொல்லிக்கொடுத்ததே சின்ன மருதுதான்னு தன்னோட புத்தகத்துல எழுதியிருக்காரு. அந்த வளரி இன்னைக்கு மியூசியத்துலயும் சில கோயில்கள்லயும்தான் இருக்கு.

அப்புறம் 1878ல லிட்டன் பிரபு காலத்துல ஆயுதச் சட்டம் வந்துச்சு. இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வாங்கணும், வெள்ளைக்காரனுக்கு வேண்டியதில்லை. வெள்ளைக்கார ஆட்சி செஞ்ச தப்புகள்லயே ரொம்பக் கறுப்பான தப்பு இந்தச் சட்டம்தான்னு 1918ல காந்தியே எழுதினாரு. அகிம்சை சொன்ன மனுசனே அப்படிச் சொன்னாருன்னா, விஷயம் சுடுறதைப் பத்தினது இல்லை. உன்னை நம்ப மாட்டேன்னு ஒரு அரசாங்கம் ஒரு ஜனத்தைப் பார்த்துச் சொல்ற அவமானத்தைப் பத்தினது.

சரி, ஆயுதத்தைப் பிடுங்குனதும் குற்றம் குறைஞ்சுச்சா? இல்லை. அதுக்கு முந்தி ஊருக்கு ஊர் காவல்காரங்க இருந்தாங்க. காவலுக்குக் கூலி தானியமா அளந்தோம். மாடு களவு போனா துப்புக் கூலி கொடுத்து மீட்டாங்க. இதுல நல்லதும் உண்டு, மிரட்டி வாங்குறதும் உண்டு, ஒளிக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் போலீசைக் கொண்டாந்து அந்தக் காவல் முறையை ஒழிச்சான். வேலை போனவனுக்கு வேற வழி பண்ணல. கடைசியில 1911 குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டாந்து, 1914ல இருந்து பிறமலைக் கள்ளர் ஊர்கள்ல அமல்படுத்த ஆரம்பிச்சான். பிறந்ததே குற்றம்ங்கிற சட்டம். ஆம்பளைங்க கைரேகை வைக்கணும், ராத்திரி போலீசு சொல்ற இடத்துல வந்து படுக்கணும், வெளியூர் போகணும்னா ராத்திரிச் சீட்டு வாங்கணும். புதுசாக் கல்யாணம் ஆனவனுக்கும் அதே கதிதான்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குத் தெக்கே பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம்னு ஊரே மறுத்துருச்சு. விடியக்காலையில ஊரைச் சுத்தி போலீசு. ஊர்க்காரங்க கையில வேல்கம்பு, அரிவாள், கல்லு. போலீசு கையில துப்பாக்கி. 16 பேர் செத்தாங்க. அதுல ஒருத்தர் மாயாக்காள்ங்கிற பொம்பளை, அடிபட்டுக் கிடந்தவங்களுக்குத் தண்ணி கொடுக்கப் போனவங்கன்னு சொல்வாங்க. பிடிபட்டவங்களை விலங்கு மாட்டி திருமங்கலம் வரைக்கும் நடத்தியே கூட்டிட்டுப் போன கதையை அந்தப் பக்கத்துப் பெரியவங்க இன்னும் சொல்லுவாங்க. மதுரையில வக்கீலா இருந்த ஜார்ஜ் ஜோசப்தான் அந்த ஜனங்களுக்காகக் கோர்ட்ல நின்னாரு. அவருக்கு ஊர் வச்ச பேரு ரோசாப்பூ துரை. அந்தச் சட்டம் 1947லதான் சென்னை மாகாணத்துல ஒழிஞ்சுச்சு.

யோசிச்சுப் பாருங்க. குற்றத்தைத் தடுக்கிறேன்னு சொல்லி ஜனங்க கையில இருந்த ஆயுதத்தை வாங்கினாங்க. அப்புறம் இந்த மண்ணுல துப்பாக்கியால ஒரே நாள்ல அதிகப் பேரைக் கொன்னது எந்தத் திருடனும் இல்லை, அரசாங்கம்தான்.

இதைச் சொன்னதும் சில பேர், "அப்ப எல்லாரும் துப்பாக்கி வச்சிருந்தா பெருங்காமநல்லூர் நடந்திருக்குமாண்ணே?"ன்னு கேப்பாங்க. இளவட்டப் பயலுக நிறைய இப்படிப் பேசுறாங்க. இதுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுறேன்.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1959ல புது ஆயுதச் சட்டம் வந்துச்சு. துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம், இது எல்லாருக்கும் தெரியும். கத்தி, வாள் ரகங்களுக்கும் அதுல கட்டுப்பாடு உண்டு, இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒன்பது இஞ்சுக்கு மேல நீளம், ரெண்டு இஞ்சுக்கு மேல அகலம் இருந்தா அது சட்டப்படி ஆயுதம். ஆனா வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செஞ்சதா இருந்தா விலக்கு. நம்ம அரிவாள் இந்த விலக்குக்குள்ளதான் வருது. தென்னை மட்டை வெட்ட, கருவேலம் வெட்ட, வாழைத்தார் வெட்ட அது இல்லாம முடியாது. திருப்பாச்சியில லாரிப் பட்டை இரும்புல அடிச்சுத் தர்றதை வாங்கி எறவானத்துல சொருகி வைக்காத சம்சாரி வீடு உண்டா? துப்பாக்கியைப் பிடுங்கின சட்டம் சம்சாரியோட சாமானை விட்டு வச்சுச்சு. கோவக்காரன் கையில அதுதான் கிடைச்சுச்சு.

அது என்ன பண்ணுச்சுன்னு 1997 ஒரு வருஷமே சாட்சி. ஏப்ரல் 23ல வில்லாபுரத்துல குடிதண்ணிப் பிரச்சினைக்காகப் போராடின கவுன்சிலர் லீலாவதியை நடுத்தெருவுல வெட்டிக் கொன்னாங்க. ஜூன் 30ல மேலூர் பக்கம் மேலவளவுல, ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவங்களையும் பஸ்ஸை மறிச்சு வெட்டினாங்க. தாழ்த்தப்பட்டவர் தலைவர் நாற்காலியில உக்காந்தாருங்கிறதுதான் காரணம். ரெண்டுலயும் துப்பாக்கி இல்லை. சாதி வெறிக்கும் அரசியல் பகைக்கும் லைசென்ஸ் தேவைப்படல.

கணக்கும் அதைத்தான் சொல்லுது. 2016 கடைசியில நாட்டுல இருந்த துப்பாக்கி லைசென்ஸ் சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம். உத்தரப் பிரதேசத்துல மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டுல சுமார் 22,500தான். ஆனா 2022ல கொலை அங்க 3,491, இங்க 1,690. ஜனத்தொகைக்குப் பார்த்தா அங்க லட்சத்துக்கு 1.5, இங்க 2.2. ஆக லைசென்ஸ் எண்ணிக்கையை வச்சுக் கொலையை அளக்க முடியாது. துப்பாக்கி இல்லாததுனால நாம யோக்கியம்னு மார் தட்டவும் முடியாது.

அப்படின்னா துப்பாக்கியால வித்தியாசமே இல்லையா? இருக்கு. அமெரிக்காவுல ஜனங்க கையில துப்பாக்கி ஏராளம். 2021ல அங்க துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர். அங்க நடந்த கொலையில நூத்துக்கு 80க்கு மேல துப்பாக்கிக் கொலை. லட்சத்துக்குக் கிட்டத்தட்ட 8 கொலை, நம்மளைப் போல மூணு மடங்குக்கு மேல. அந்த 48,830ல பாதிக்கு மேல, 26 ஆயிரம் பேர், தன்னைத்தானே சுட்டுக்கிட்டவங்க. என்னை ரொம்ப யோசிக்க வச்சது இந்தக் கணக்குதான்.

ஏன்னா இது சம்சாரிக்குத் தெரிஞ்ச விஷயம். நம்ம ஊர்ல கடன் நெருக்குன ராத்திரியில கைக்கு எட்டுறது பூச்சிமருந்து டப்பா. இலங்கையில 1995 வாக்குல லட்சத்துக்கு 47 பேர் தற்கொலை. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணாத் தடை பண்ணாங்க. இருபது வருஷத்துல அது மூணுல ஒரு பங்கா இறங்கிருச்சு. அங்க யாருக்கும் கடனோ கவலையோ தீர்ந்துறல. அந்த ஒரு ராத்திரி கையில மருந்து சிக்கல, அம்புட்டுத்தான். விடிஞ்சதும் மனசு மாறிருது.

கோவமும் அப்படித்தான். அரிவாளால வெட்டணும்னா பக்கத்துல போகணும், முகத்தைப் பார்க்கணும், நாலு பேர் மறிப்பாங்க, எதிரி ஓடுவான். வெட்டுப்பட்டவனைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்ப் பிழைக்க வச்ச கதை எத்தனை இருக்கு! துப்பாக்கிக்கு விரல் அசைஞ்சாப் போதும், வாய்க்கால் தகராறுல வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்தே முடிச்சுரலாம். நம்ம ஊர் பங்காளிச் சண்டையில வீட்டுக்கு ஒரு ரெட்டைக்குழல் இருந்திருந்தா எத்தனை குடும்பம் மிஞ்சியிருக்கும்னு நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. போலீசு 2021 செப்டம்பர்ல ரவுடிகளைத் தேடி 'ஆபரேஷன் டிஸ்ஆர்ம்'னு நடத்தினப்ப ஆயிரத்துக்கு மேல அரிவாளும் கத்தியும் எடுத்தாங்க. துப்பாக்கி விரல் விட்டு எண்ணுற அளவுதான். அது அப்படியே இருக்கட்டும்.

இப்ப காட்டுப்பன்னி விஷயம். கடலை, மக்காச்சோளம் போட்டவன் கஷ்டம் எனக்கும் தெரியும். ஒரே ராத்திரியில வயலை உழுது போட்டுட்டுப் போயிருது. லைசென்ஸ் கொடுங்க, நாங்களே சுட்டுக்கிறோம்னு நம்மாளுங்க கேக்குறாங்க. சில பேர் திருட்டுத்தனமா நாட்டுத் துப்பாக்கியில கரிமருந்து கெட்டிச்சு வச்சுக்கிறாங்க. இது ரொம்ப ஆபத்து. பன்னிக்குன்னு வாங்கினது பன்னியோட நிக்காது. 2025 ஜனவரியில அரசாங்கம், காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியை வனத்துறைக்காரங்களே சுடலாம்னு சொல்லியிருக்கு. சுடுறது அவங்க வேலைன்னா சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கணும், வரலைன்னா நஷ்டத்துக்குப் பதில் சொல்லணும். நாம கேக்க வேண்டியது அதைத்தான்.

பெருங்காமநல்லூர் கேள்விக்கும் என் பதில் இதுதான். 1920ல அந்த ஜனங்க கிட்ட துப்பாக்கி இருந்திருந்தா 16க்குப் பதிலா நூத்தி அறுபது சாவு விழுந்திருக்கும். சுட்டவனைக் கேள்வி கேக்க ஓட்டும் கோர்ட்டும் அன்னைக்கு அவங்களுக்கு இல்லை. இன்னைக்கு நமக்கு இருக்கு. 2018 மே மாசம் தூத்துக்குடியில 13 பேர் சுடப்பட்டுச் செத்தாங்க. நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கை 2022ல சட்டசபைக்கு வந்துச்சு, போலீசு செஞ்சது தப்புன்னு எழுத்துல சொல்லுச்சு. எழுத்தோட நிக்காம தண்டனை வரைக்கும் போகணும்.

நம்ம கையில துப்பாக்கி வேண்டாம்னு நாம ஒத்துக்கிட்டது, அதை வச்சிருக்கிறவன் கணக்குச் சொல்லுவான்ங்கிற நம்பிக்கையிலதான். ஒவ்வொரு குண்டுக்கும் அவன் கணக்குச் சொல்லியே ஆகணும்.