கோலிக்குண்டும் காகித வீடும்

கதிர்காமம்னா எங்களுக்கு புதுச்சேரியில கோரிமேடு பக்கத்துல இருக்கற எங்க ஏரியா. இலங்கைத் தமிழர்கிட்ட சொன்னா முருகன் கோயில். யாழ்ப்பாணத்துல இருந்து அந்தக் கோயிலுக்குப் பாத யாத்திரை போறவங்க மட்டக்களப்பு வழியாத்தான் நடந்து போவாங்க. அந்த மட்டக்களப்புல 1996-ல குழந்தைகளுக்காக ஒரு தோட்டம் ஆரம்பிச்சாங்க. அதைப் பத்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனா லண்டன், கலிபோர்னியான்னு ஒரு சுத்து சுத்திட்டுத்தான் அங்க வர முடியும். பொறுத்துக்குங்க :-)

விஷயம் ப்ளே தெரபி, அதாவது விளையாட்டு வழியா குழந்தையோட மனக்காயத்துக்கு சிகிச்சை. "இதுக்கெல்லாமா டாக்டர்? பசங்களைத் தெருவுல விட்டா தானா விளையாடி சரியாயிடுவாங்க" என்று சொல்றவங்க நம்ம ஊர்ல ஏராளம். பாதி உண்மைதான். மீதி பாதிதான் இந்தப் பதிவு.

1920-ல ஃப்ராய்ட் ஒரு புத்தகத்துல தன் பேரனைப் பத்தி எழுதினார். ஒன்றரை வயசுக் குழந்தை. நூல் கட்டின ஒரு மரக்கட்டையைத் தூக்கிப் போடுவான், கண்ணுக்கு மறைஞ்சதும் நூலைப் பிடிச்சு இழுப்பான், மறுபடி தூக்கிப் போடுவான். அம்மா வெளியே போறதையும் திரும்பி வர்றதையும்தான் அவன் விளையாடறான்னு புரிஞ்சுகிட்டார் தாத்தா. அம்மா போறதை அவனால தடுக்க முடியாது. ஆனா கட்டை அவன் கையில இருக்கு.

அதே காலத்துல பெர்லின்ல மெலனி க்ளைன் குழந்தைகளுக்குச் சின்ன பொம்மைகளைக் கொடுத்து அவங்க விளையாடறதைக் கவனிச்சு சிகிச்சை செய்ய ஆரம்பிச்சாங்க. மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1928-ல லண்டன்ல ஒரு கிளினிக் திறந்தாங்க. ஒரு தட்டு நிறைய மணல், பக்கத்துல வீடு, மரம், மிருகம், மனுஷன்னு குட்டி பொம்மைகள். குழந்தை என்ன வேணா கட்டலாம். அவங்களுக்கு இந்த யோசனை வரக் காரணமான புத்தகத்தை 1911-ல எழுதினவர் ஹெச்.ஜி.வெல்ஸ். ஆமாங்க, டைம் மெஷின் கதை எழுதின அதே ஆள், தன் பசங்களோட தரையில உட்கார்ந்து விளையாடினதை எழுதியிருக்கார். (மணல் வீடு நமக்கும் புதுசில்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழ்ல சிற்றில் சிதைக்கறதுக்குன்னே தனியா ஒரு பருவம் வெச்சிருக்காங்க நம்மாளுங்க.)

என்னை ரொம்ப நாள் தூங்க விடாம செஞ்சது இதுக்கு அடுத்த கதைதான். இரண்டாம் உலகப் போர்ல லண்டன் மேல குண்டு விழுந்துகிட்டு இருந்தப்ப, ஃப்ராய்டோட மகள் அன்னாவும் டொரத்தி பர்லிங்காமும் ஹாம்ப்ஸ்டெட்ல போர்க்காலக் குழந்தைகள் காப்பகம் நடத்தினாங்க. அங்கே பெர்ட்டின்னு ஒரு நாலு வயசுப் பையன். அப்பா குண்டுவீச்சுல செத்துட்டார். அவன் அதை ஒத்துக்கவே இல்லை. காகிதத்துல வரிசையா வீடு செய்வான், மேல கோலிக்குண்டைப் போட்டுத் தகர்ப்பான். ஆனா ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கறவங்க எல்லாரும் சரியான நேரத்துல தப்பிச்சிடுவாங்க. இடிஞ்ச வீட்டையெல்லாம் திரும்பக் கட்டிடுவான். மறுபடி குண்டு, மறுபடி வீடு. மத்த குழந்தைகளுக்கு இந்த மாதிரி விளையாட்டு ஆறுதல் கொடுத்தது. இவனுக்குக் கொடுக்கலை. ஏன்னா இவன் நடந்ததை விளையாடலை, நடந்ததை மாத்த விளையாடினான். ஏறக்குறைய ஆறு மாசம் கழிச்சு ஒருநாள், அப்பா செத்துட்டார், இனி வரமாட்டார்னு தன் வாயால சொன்னான். அதோட அந்த விளையாட்டு நின்னு போச்சு.

1976 ஜூலையில கலிபோர்னியாவுல சௌசில்லாங்கற ஊர்ல 26 பிள்ளைகளை பஸ்ஸோட கடத்தி, ஒரு லாரிப் பெட்டிக்குள்ள அடைச்சு மண்ணுக்குள்ள புதைச்சாங்க. எல்லாரும் உயிரோட தப்பிச்சாங்க. அந்தப் பிள்ளைகளைப் பார்த்த மனநல மருத்துவர் லெனோர் டெர் கவனிச்சதும் இதையேதான். கடத்தலை விளையாட்டாத் திரும்பத் திரும்ப நடத்தினாங்க, சந்தோஷமே இல்லாம, பயம் குறையாம. நம்ம தொழில் பாஷையில சொன்னா முடிவில்லாத லூப். வெளியே வர்ற கண்டிஷன் இல்லை.

அந்த இடத்துலதான் பக்கத்துல உட்கார ஒரு பெரியவர் வேணும். கேள்வியாக் கேட்டுத் துளைக்கற ஆள் இல்லை. "அழாதே, வேற நல்லதா விளையாடு"ன்னு பேச்சை மாத்தற ஆளும் இல்லை. வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-ல எழுதின 'ப்ளே தெரபி' புத்தகத்தோட சாரமே இதுதான்: வழியைக் குழந்தை காட்டும், பெரியவர் பின்னாடி போகணும், அவசரப்படுத்தக் கூடாது. கேக்க சுலபமா இருக்கு. ஒரு மணி நேரம் வாயை மூடிட்டு உட்கார்ந்து பாருங்க, தெரியும்.

இனி மட்டக்களப்பு. 1990 ஆகஸ்ட்ல காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை, செப்டம்பர்ல சத்துருக்கொண்டான் படுகொலை. பக்கத்துப் பக்கத்து ஊர்ல இருந்த தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து பயந்து வளர்ந்த காலம். அந்த ஊர்ல 1996-ல பால் ஹோகன் என்ற கனடா ஓவியரும், இயேசு சபைப் பாதிரியார் போல் சற்குணநாயகமும் (ரெண்டு பேருமே பால்தான்) ஆரம்பிச்சதுதான் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. ரெண்டு பக்கத்துக் கிராமங்கள்ல இருந்தும் பஸ் வெச்சுப் பிள்ளைகளை அழைச்சுட்டு வந்தாங்க. வாரத்துக்கு ஒரு நாள், ஒன்பது மாசம். களிமண், சாயம், கதை, நாடகம், கூடவே ஆடுமாடு, முயல். பார்த்துக்கிட்டவங்க போரை அனுபவிச்ச உள்ளூர் இளைஞர்கள். எனக்கு இதுல பெரிசாத் தெரியறது களிமண்ணு இல்லை, அந்த ஒன்பது மாசம். பெர்ட்டிக்கு ஆறு மாசம் ஆச்சுன்னா, பள்ளிவாசலையோ சத்துருக்கொண்டானையோ மனசுல சுமக்கற பிள்ளைக்கு ஒரு நாள் முகாம் என்னத்துக்கு ஆகும்?

2004 டிசம்பர் 26-ல சுனாமி மட்டக்களப்பையும் அடிச்சது, நம்ம பக்கத்தையும் அடிச்சது. புதுவை யூனியன் பிரதேசத்துல மட்டும் ஏறத்தாழ 600 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் காரைக்கால்ல. கதிர்காமம் கடலை விட்டுத் தள்ளி இருந்ததால தப்பிச்சது. பெங்களூர் நிம்ஹான்ஸ் தமிழ்நாட்டுக் கடலோரத்துல தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. படம் வரையறது, களிமண், கதை, விளையாட்டு எல்லாம் அதுல உண்டு. பிள்ளைகள் வரிசையா அலையைத்தான் வரைஞ்சாங்க. நிறைய இடங்கள்ல நிவாரணம் முடிஞ்சதும் தொண்டர்களும் கிளம்பிட்டாங்க.

அன்னிக்கு அலை வரைஞ்ச ஏழெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு இப்ப என் வயசு.