இடுப்பு வலி எப்போது வெறும் வேலை வலி இல்லை?

கெடா தோட்டங்களில் இடுப்பு வலி புதுசு இல்லை. பால் வெட்டுறவங்க, செம்பனைக் குலை தூக்குறவங்க வீட்டில் தைலப் புட்டி எப்போதும் இருக்கும். இந்த வலிகள் ஏறக்குறைய எல்லாமே தசை, மூட்டு, முதுகுத்தட்டு சம்பந்தப்பட்டவைதான். மிக அரிதாகச் சிலருக்கு மட்டும் எலும்பில் வளரும் கட்டி காரணமாக இருக்கும்.

என்ன கட்டி?

முதுகெலும்பின் அடியில், வால் எலும்புக்கு மேலே முக்கோணமாக இருப்பது சேக்ரம். இங்கு வரும் கட்டிகளில் இரண்டு முக்கியமானவை.

கோர்டோமா: கருவில் முதுகெலும்புக்கு அச்சாக இருந்த திசுவின் மிச்சத்திலிருந்து உருவாகும் புற்றுநோய். மெதுவாக வளரும். 50, 60 வயதுகளில், ஆண்களிடம் கூடுதல்.

ஜயண்ட் செல் கட்டி: பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஆனாலும் எலும்பை அரிக்கும். 20 முதல் 40 வயதினரிடம் அதிகம்.

எவ்வளவு அரிது?

அமெரிக்கப் பதிவேடுகளின்படி, கோர்டோமா ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் சுமார் ஒருவருக்கு வருகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் சேக்ரத்தில். கெடாவின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 21 லட்சம். அதே விகிதம் இங்கும் என்று வைத்துக்கொண்டால், மாநிலம் முழுக்க ஆண்டுக்கு இரண்டு பேர். சேக்ரத்தில் மட்டும் என்றால் ஒருவருக்கும் குறைவு.

தோட்ட வேலையால் வருமா?

பாரம் தூக்குவதால் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை. ஒரே ஊரில் இரண்டு பேருக்கு வந்தாலும், எண்ணிக்கை இவ்வளவு சிறியது என்பதால் அது தற்செயலாக இருக்கலாம்.

அப்போ ஆபத்து எங்கே?

தாமதத்தில். "வேலை செஞ்ச வலிதான், சரியாயிடும்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். இவற்றைக் கவனியுங்கள்:

• ஓய்விலும் இரவிலும் குறையாத வலி
• உட்கார்ந்தால் வால் எலும்புப் பக்கம் கூடும் வலி
• கால் மரத்துப்போவது, பலவீனம்
• காரணமில்லாமல் எடை குறைவது

சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போகணும்.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான். தேவைப்பட்டால் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை, அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனை போன்றவற்றுக்கு அனுப்புவார்கள். குடல் வாயு மறைப்பதால் சேக்ரக் கட்டி எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம். எம்ஆர்ஐயில் தெளிவாகத் தெரியும். ஆகவே, எக்ஸ்ரே சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால் மறுபடியும் போய்ச் சொல்லுங்கள்.

கோர்டோமாவுக்கு முதன்மைச் சிகிச்சை, கட்டியை முழுதாக அகற்றும் அறுவை சிகிச்சை. கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால், சிறுநீர்ப்பை, குடல் நரம்புகளைக் காப்பாற்றும் வாய்ப்பு கூடும். அப்பாவோ தாத்தாவோ "ராத்திரியிலும் வலிக்குது" என்றால், அடுத்த தைலப் புட்டி வாங்குவதற்கு முன் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.