தகடுதாங்கிக் கவச உடையின் வளர்ச்சி: அமெரிக்கப் படைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பிளேட் கேரியர் எனப்படும் தகடுதாங்கி, மார்புக்கும் முதுகுக்கும் ஒவ்வொன்றாகக் கடினத் தகடுகளைச் சுமக்கும் கவச உடை. துப்பாக்கிக் குண்டைத் தடுப்பது தகடு. அதை உடலோடு சேர்த்துப் பிடித்து, பைகளையும் கருவிகளையும் பொருத்த இடம் தருவது தாங்கி. இவ்வுடையின் எடை எவ்வழியில் குறைந்தது என்பதை அமெரிக்கப் படைகளின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மென்கவசமும் பீங்கான் தகடும்

கொரியப் போர்க்காலத்தின் நைலான் அங்கிகள் வெடிச்சிதறல்களைத் தடுத்தன. ரைஃபிள் குண்டை அவற்றால் நிறுத்த இயலவில்லை. வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் குழுவினருக்குப் பீங்கான் தகடுகள் வழங்கப்பட்டன. இருக்கையே கவசமாக இருந்ததால் விமானிக்கு மார்புத் தகடு போதுமானது. துப்பாக்கி இயக்குபவருக்கு இருபுறமும் தேவைப்பட்டது. நடந்து போரிடும் காலாட்படை வீரருக்கோ இந்த எடை பெருஞ்சுமை. டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் 1965இல் கண்டறிந்த இழையிலிருந்து உருவான கெவ்லார், 1980களில் படையினரின் அங்கியானது. அதுவும் சிதறல்களைத் தடுப்பதற்கானதே.

தகடும் அங்கியும் இணைதல்

1993இல் மொகடிஷுவில் போரிட்ட ரேஞ்சர்கள் மார்புத் தகடு பொருத்திய கவசம் அணிந்திருந்தனர். 1996இல் இடைக்கால ஏற்பாடாக, கெவ்லார் அங்கிக்கு மேல் அணியும் தகடு உறை வந்தது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 11 கிலோ எடையிருந்தன. 1990களின் இறுதியில் வந்த இன்டர்செப்டர் கவசம், அங்கியையும் தகடுகளையும் ஒரே அமைப்பாக்கி எடையைச் சுமார் 7.4 கிலோவாகக் குறைத்தது. மோலி முறையும் இக்காலத்ததே. சீரான இடைவெளியில் தைத்த ஓரங்குல நைலான் பட்டைகளில் பைகளைக் கோத்துக்கொள்ளும் இம்முறையால், தோட்டாப் பை, மருந்துப் பை, வானொலிப் பை ஆகியவற்றைப் பணிக்கேற்ப இடம் மாற்ற முடிந்தது.

சுமை கூடிய காலம்

ஈராக்கில் 2003க்குப் பின் சாலையோர வெடிகுண்டுகளின் அச்சுறுத்தல் பெருகவே, தோள், இடுப்பு, விலாப் பகுதிகளுக்கும் காப்புகள் சேர்ந்தன. நடுத்தர அளவுத் தகடு 1.8 கிலோவிலிருந்து 2.5 கிலோவானது. 2007இல் வந்த மேம்பட்ட அங்கி எல்லா உறுப்புகளோடும் 13 கிலோவைத் தாண்டியது. அந்த எடை ஆப்கானிஸ்தானின் உயரமான மலைப்பாதைகளில் வீரரை விரைவில் களைப்படையச் செய்தது. களைத்தவரால் விரைந்து மறைவிடம் சேர முடியாது. எனவே மரைன் படை 2008இலும், தரைப்படை அடுத்த ஓரிரு ஆண்டுகளிலும் தகடுதாங்கிகளைக் கைக்கொண்டன. அவற்றில் தகடுகள் குறையவில்லை. மென்கவசம் மூடிய பரப்பே சுருங்கியது. விலாவிலும் அடிவயிற்றிலும் சிதறல் பாயும் வாய்ப்பு கூடியது அதற்கான விலை.

கூறுகளாகப் பிரித்தல்

அடுத்த கட்டத்தில் தாங்கியே மெலிந்தது. க்ரை பிரிசிஷன் நிறுவனத்தின் ஜேபிசி போன்றவை இடுப்புப் பட்டையை எலும்புக்கூடு போன்ற சட்டமாக்கின. பட்டைகளைத் தைப்பதற்கு மாற்றாக, துணியிலேயே லேசர் கதிரால் துளைகள் வெட்டும் முறையும் பரவியது. காயமுற்றவரின் கவசத்தை நொடிகளில் கழற்ற விரைவு விடுவிப்புப் பூட்டுகள் பொருத்தப்பட்டன. 2018இல் தரைப்படைக்கு வரத் தொடங்கிய மாடுலர் ஸ்கேலபிள் வெஸ்ட், தகடுகளோடு சுமார் 11 கிலோ. 2007இன் அங்கியைவிட ஏறத்தாழ 2 கிலோ குறைவு. மென்கவசம் மட்டும், தகடுகள் மட்டும், முழுக்காப்பு என ஆபத்தின் அளவுக்கேற்ப அதை அணியலாம்.

முடிவுரை

இவ்வளர்ச்சியில் தகடு மெலியவில்லை. வலுவான குண்டுகளை எதிர்கொள்ள அது கனத்தது. எடைக்குறைப்பு, மூடும் பரப்பைச் சுருக்கியதாலும் துணியையும் தையலையும் குறைத்ததாலும் கிடைத்தது. ஆகவே இலகுவான தகடுதாங்கி என்பது பாதுகாப்புக்கும் நடமாட்டத்துக்கும் இடையில் அறிந்தே செய்யப்பட்ட தேர்வு. கூறுகளாகப் பிரிக்கும் முறை அத்தேர்வைக் களத்துக்குக் களம் மாற்றிக்கொள்ள வழிசெய்தது.