சென்னைக் காசநோய்க் கிருமிகளும் ஆக்சிஜனேற்றத் தாக்கமும்: டி.என்.ஏ. பழுதுநீக்க ஆய்வின் ஒரு முன்வரலாறு

சென்னையில் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற காசநோய் வேதிமருத்துவ நடுவம், நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த இயலும் என நிறுவியமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறது. அந்நடுவத்தின் ஆய்வகப் பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1960இல் சுப்பையா, மிட்சிசன், செல்கன் ஆகியோர் இந்திய, பிரித்தானிய நோயாளிகளிடமிருந்து பெற்ற கிருமிகளை ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு உட்படுத்தி ஒப்பிட்டனர். தென்னிந்தியக் கிருமிகளுட் பல அதனை எளிதில் தாங்கவில்லை. சீமைப்பெருச்சாளிகளிடத்து அவற்றின் நோயூட்டும் திறனும் குறைந்தே காணப்பட்டது.

இம்முடிவின் பொருளை உணர ஒரு பின்னணி வேண்டும். கிருமியை விழுங்கும் பெருவிழுங்கி அணுக்கள் பெராக்சைடு முதலியவற்றைக் கொண்டே அதனைத் தாக்குகின்றன. அதனைச் சிதைக்கும் கேட்டலேசு நொதியே கிருமியின் முதற்காப்பு. ஐசோனியாசிட் மருந்தைச் செயற்படச் செய்வதும் அதே நொதியே என்பது 1992இல் அதன் மரபணு இனங்காணப்பட்டபோது தெளிவாயிற்று. மருந்தை எதிர்க்கும் கிருமி பெரும்பாலும் இக்காப்பை விலையாகக் கொடுக்கிறது. ஆயின் சென்னை ஆய்வில் பெராக்சைடுக்கு நலிந்தவற்றுள் ஐசோனியாசிட்டுக்குக் கட்டுப்படுவனவும் இருந்தன. கேட்டலேசு இழப்பு இவற்றின் நலிவை விளக்காது.

இரண்டாம் காப்பு பற்றிய அறிவு பின்னரே வாய்த்தது. பெராக்சைடிலிருந்து தோன்றும் வினைமிகு மூலக்கூறுகள் டி.என்.ஏ.யிலுள்ள குவானினை ஆக்சோகுவானினாக மாற்றுகின்றன. அது சைட்டோசினுக்குப் பதில் அடினினோடு இணைவதால் பிறழ்வு நேர்கிறது. மியூட்-எம் என்னும் புரதம் சிதைந்த காரத்தை வெட்டியகற்றுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உமேசு வர்சினி குழுவினர், விரைவாக வளரும் உறவினமான மைக்கோபாக்டீரியம் சுமெக்மாட்டிசில் இப்புரதத்தை நீக்கி 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். புரதமற்ற அணுக்கள் பெராக்சைடுக்கு மிகுதியாக நலிந்தன. பிறழ்வு வீதமும் உயர்ந்தது. காசநோய்க் கிருமிக்குப் பிற பாக்டீரியங்களிலுள்ள மியூட்-எசு, மியூட்-எல் பிழைதிருத்த அமைப்பு இல்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. நலிவும் பிறழ்வும் ஒருங்கே நிகழ்வதுதான் இதில் அச்சத்திற்குரியது: பழுதுநீக்கம் இழந்த கிருமிகளுட் பல மடியும், எஞ்சுவன மருந்தெதிர்ப்பை விரைந்து ஈட்டக்கூடும்.

தென்னிந்தியக் கிருமியின் நலிவு ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. மணவூரும் திருத்தணியும் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை எதிர்பார்த்த பாதுகாப்பைத் தரவில்லை. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் இக்கிருமி வகையும் ஒன்று.

எனினும், 1960ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பை 2007ஆம் ஆண்டு விளக்கத்தால் நிரப்பிவிடுதல் அவசரமாகும். பெங்களூரில் புரதம் வேண்டுமென்றே நீக்கப்பட்டது. சென்னைக் கிருமிகள் இயற்கையில் அவ்வாறே இருந்தன. தென்னிந்தியாவில் மிகுந்து காணப்படும் தொன்மை மரபுவழிக் கிருமிகளின் பழுதுநீக்க மரபணுக்களைப் பிற மரபுவழிகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றையும் பெராக்சைடில் சோதித்த பின்னரே அவ்விரண்டையும் ஒரே வரலாறாக எழுத இயலும்.