விழுந்தெழும் கணினிகள்

வங்கியொன்றில் ஒருவர் கணக்கினின்று நூறு வெள்ளியை எடுத்து மற்றொருவர் கணக்கிற் சேர்க்க வேண்டும். எடுத்தாயிற்று, சேர்ப்பதற்குள் கணினி நின்றுவிடுகிறது. அந்த நூறு வெள்ளி எங்கே? வணிகத் துறையிற் கணினி புகுந்த நாள்தொட்டு வல்லுநர்களை உறங்கவிடாத வினா இது. கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆளுகின்ற இயங்குதளத்தின் தகுதியும் இவ்வினாவைக் கொண்டே அளக்கப்பட்டது.

1960களில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் பெல் ஆய்வுக்கூடமும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் இணைந்து 'மல்டிக்ஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்க முனைந்தன. பிழை நேரின் மீள்வதற்கான கட்டளைகள் அதில் மிகுதி. 1969இல் பெல் விலகிக்கொண்டது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 'யூனிக்ஸ்' என்னும் எளிய தளத்தைப் படைத்தனர். பெரும்பிழை நேர்ந்தால் அது மீள முயலாது. தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அருகிலிருப்பவர் மறுபடி இயக்கிவிட்டாற் போதும் என்பது அவர்தம் எண்ணம். ஆய்வுக்கூடத்திற்கு அது பொருந்தும், வங்கிக்குப் பொருந்துமோ?

பொருந்தாது என்று கண்டவர் ஜேம்ஸ் டிரைபிக். அவர் 1974இல் கலிபோர்னியாவில் டாண்டம் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1976இல் அதன் முதற் கணினி சிட்டி வங்கிக்குச் சென்றது. 'கார்டியன்' என்னும் அதன் இயங்குதளத்தில் இன்றியமையாத பணிகள் இரட்டையாக அமைந்தன. ஒன்று ஒரு செயலியில் உழைக்கும். அதன் துணை வேறொரு செயலியிற் காத்திருக்கும். உழைப்பது தன் நிலையை அவ்வப்போது துணைக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். செயலிகளும் தாம் உயிரோடிருப்பதை நொடிக்கொரு முறை ஒன்றற்கொன்று தெரிவிக்கும். ஒரு செயலி வாய்மூடினால், காத்திருந்த துணை அதன் பணியை மேற்கொள்ளும். ஐயத்திற்கிடமானால் உடனே நின்றுவிடு என்பதே இங்கும் விதி. நிற்பதில் யூனிக்ஸுக்கும் இதற்கும் வேற்றுமையில்லை. தாங்குவதற்கு ஆள் இருப்பதே வேற்றுமை.

நூறு வெள்ளிக்கு வருவோம். மாற்றத்தைச் செய்யுமுன் அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது தரவுத்தளங்களின் வழக்கமாயிற்று. கணினி எழுந்ததும் ஏட்டைப் பார்த்து, முற்றுப்பெறாததை நீக்கிவிடும். எடுத்த பணம் உரியவர் கணக்கிலேயே இருக்கும். கோப்புகளின் ஒழுங்கைக் காக்கவும் இம்முறை பயன்பட்டது. ஐபிஎம்மின் 'ஏஐஎக்ஸ்' 1990இலும், 'விண்டோஸ் என்டி' 1993இலும், லினக்ஸ் 'இஎக்ஸ்டி3' வாயிலாக 2001இலும் அதனை மேற்கொண்டன. அதற்குமுன் யூனிக்ஸ் விழுந்தெழுந்தால் வட்டு முழுவதையும் துருவிப் பார்க்க வேண்டியிருந்தது.

டாண்டத்தில் பணியாற்றிய ஜிம் கிரே 1985இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு உண்மைகளைக் காட்டியது. தடைகளில் 42 விழுக்காடு இயக்குவோர், பராமரிப்போர் செயல்களால் விளைந்தவை. இயந்திரக் கோளாறு 18 விழுக்காடே. மேலும், ஒரு மென்பொருளில் ஆராய்ந்த 132 பிழைகளுள் ஒன்றே மறுபடியும் தோன்றும் இயல்பினது. ஏனையவை மீண்டும் முயன்றால் மறைந்தன. இரட்டை முறை வென்றதன் காரணம் இதுவே. மறையாத பிழை வந்தால் துணையும் அதே இடத்திற் சாயும்.

2024 ஜூலை 19ஆம் நாள் அத்தகைய பிழையே வந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதுபட்ட புதுப்பிப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் வீழ்ந்தன. பல கணினிகள் எழுந்தவுடன் மறுபடியும் விழுந்தன; ஆட்கள் ஒவ்வொன்றாகச் சென்று அக்கோப்பை நீக்க நேர்ந்தது. சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்தில் அன்று சில விமான நிறுவனங்களின் பயணிகள் கணினியின் துணையின்றிக் கைமுறையாகப் பதிவு செய்யப்பட்டனர்.