ஊலா: வரியாக அமைந்த அஞ்சற் பணி

அரசின் கடிதத்தைச் சுமந்து செல்வது ஒரு பணி. அதைக் குடிமக்கள் செய்தே தீரவேண்டும் என்பது ஒரு வரி. இவ்விரண்டும் பிரியாதிருந்த காலத்துச் சொற்களை இன்றைய மொழியில் பெயர்க்கும்போது பணி எஞ்சி, வரி மறைந்துவிடுகிறது. திபெத்தின் ‘ஊலா’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். அதன் பொருளை விளங்கிக்கொள்ள வங்காளத்துச் சமீன்தாரி அஞ்சல் முறை துணைசெய்யும்.

பெஹாலாவும் சமீன் கடமையும்

கல்கத்தாவின் தென்பகுதியான பெஹாலாவில் உள்ள பரிஷா, சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரின் இருப்பிடமாகும். சுதாநுடி, கலிகாதா, கோவிந்தபூர் ஆகிய மூன்று ஊர்களின் உரிமையை 1698ஆம் ஆண்டு ரூ. 1,300க்குக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு மாற்றிக் கொடுத்தவர்கள் இவர்களே. அவர்கள் கொடுத்தது வரி தண்டும் உரிமையாகும். சமீன் என்பது வருவாய் மட்டுமன்று. அரசுக்கு ஆற்றவேண்டிய பணிகளும் அதனோடு பிணைந்திருந்தன.

அப்பணிகளுள் அஞ்சலும் ஒன்று. 1766இல் கிளைவ் வகுத்த ஏற்பாட்டின்படி, அஞ்சல் வழிகளை ஒட்டிய நிலக்கிழார்கள் ஓட்டக்காரர்களை அளிக்கவேண்டும்; அளித்த ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவர்களுடைய நிலவரியில் கழிவு தரப்பட்டது. ஓட்டக்காரனின் கால்நடை, நிலவரியின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்பட்டது. 1774இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அஞ்சலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, 100 மைலுக்கு 2 அணா எனக் கட்டணம் விதித்தார். அனுப்புபவரே செலவை ஏற்கும் முறை இவ்வாறு தோன்றியது. எனினும் மாவட்டத்தின் உட்பகுதிகளில் சமீன்தாரி அஞ்சல் நீடித்தது. 1862ஆம் ஆண்டின் வங்காளச் சட்டம் 8 அதனைச் சீர்படுத்த இயற்றப்பட்டதாகும்.

திபெத்தில் ஊலா

ஹேஸ்டிங்ஸ் அதே 1774ஆம் ஆண்டில் ஜார்ஜ் போகலைத் திபெத்துக்குத் தூதனுப்பினார். அந்நாட்டில் குதிரை வழிப் போக்குவரத்து நெடுங்காலமாகவே வரியாக நிலைபெற்றிருந்தது. மங்கோலியப் பேரரசர் குப்ளாய் காலத்தில், 1268இல் திபெத்தில் குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. திபெத்திய நிலப்பகுதிகளில் 27 அஞ்சல் நிலையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் 11 நடுத்திபெத்தில் இருந்தன. நிலையத்துக்குரிய குதிரை, உணவு, ஆள் ஆகியவற்றை அளிக்கும் பொறுப்பு குடும்பங்களின் மீது விழுந்தது. குடிக்கணக்கு இச்சுமையைப் பங்கிடும் கருவியாயிற்று.

மங்கோலியர் ஆட்சி நீங்கிய பின்னரும் இக்கடமை நீங்கவில்லை. லாசா அரசு ‘லாம்யிக்’ என்னும் வழிச்சீட்டை வழங்கியது. அதை வைத்திருப்பவர் எத்தனை சவாரிக் குதிரைகளும் பொதி விலங்குகளும் பெறலாம் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். வரிநிலம் பெற்ற குடும்பங்கள் அவற்றை ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை கொண்டுசேர்த்தன. சென்றவர் அன்றே வீடு திரும்பத்தக்கவாறு நிலையங்கள் ஏறத்தாழ அரைநாள் தொலைவில் அமைந்திருந்தன. குடும்பத்திடம் உள்ள நிலமே இப்பணிக்கு ஈடு என்பது அரசின் கொள்கை. ஆயினும் விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் விலங்கும் ஆளும் வயலை விட்டுச் செல்லவேண்டியிருந்தது. ஒரு குடும்பத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டால் அதன் சுமை மற்றவர்மீது ஏறியது. 1959ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போதே இக்கடமை ஒழிக்கப்பட்டது.

வங்காளத்தில் கழிவு என்னும் கணக்கேனும் இருந்தது; ஆனால் அது நிலக்கிழாரின் கணக்கு, ஓடியவனின் கணக்கன்று. திபெத்தில் சுமை நேரே உழுகுடியின் வாசலில் வந்து நின்றது.

சொல்லின் பயணம்

‘ஊலா’ எழுத்து வழக்கில் ‘ஊலக்’ எனப்படும். இது துருக்கிய மொழியின் ‘உலாக்’ என்னும் சொல்லோடு தொடர்புடையதாகக் கொள்ளப்படுகிறது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் கஷ்கரி தொகுத்த அகராதியில், அரசனின் ஆணையால் விரைதூதன் எடுத்துக்கொள்ளும் குதிரை என இச்சொல் விளக்கப்பட்டுள்ளது. குதிரையைக் குறித்த சொல் திபெத்தில் கடமையைக் குறித்தது. பாரசீகத்தில் அதுவே ‘கழுதை’ என்னும் பொருளுக்கு இறங்கியது. திபெத்தியச் சொற்களை இந்திய அறிஞர்களுக்கு அறிமுகப்படுத்திய அகராதிகளுள் சோமா த கோரோஷின் அகராதி (1834), சரத் சந்திர தாஸின் அகராதி (1902) ஆகிய இரண்டும் கல்கத்தாவிலேயே வெளிவந்தவை.

தமிழாக்கத்தில் எழும் சிக்கல்

இச்சொல்லை ‘அஞ்சல்’ என்று பெயர்த்தால் கட்டணம் செலுத்திப் பெறும் இன்றைய சேவையே வாசகர் மனத்தில் தோன்றும். ‘போக்குவரத்து வரி’ எனின் பணம் செலுத்துவதாகப் பொருள்படும். உடலுழைப்பும் விலங்கின் உழைப்பும் விடுபட்டுப்போகும். தமிழில் நேர்ச்சொல் இல்லாமலில்லை. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்பது கூலியின்றிச் செய்யவேண்டிய கடமையாகும். வடமொழி ‘விஷ்டி’யின் திரிபாக அது கருதப்படுகிறது. ஆனால் இன்று ‘வெட்டி வேலை’ என்றால் பயனற்ற வேலை. திருவிதாங்கூரில் கட்டாய வேலையைக் குறித்த ‘ஊழியம்’ என்னும் சொல்லின் வழியில் வந்த ‘ஊழியர்’, இன்று சம்பளம் பெறுபவரைக் குறிக்கிறது.

‘உலாக்’ விலங்கின் பெயராயிற்று, ‘வெட்டி’ இகழ்ச்சியாயிற்று, ‘ஊழியம்’ மதிப்புப் பெற்றது. மூன்றிலும் மறைந்தது ஒன்றே: சுமந்தவன் மறுக்க முடியாதவனாக இருந்தான் என்னும் செய்தி. எனவே ‘ஊலா’வை அவ்வாறே எடுத்தாண்டு, முதன்முறை வருமிடத்தில் ‘குதிரையும் ஆளும் கொடுத்துச் செலுத்தும் கட்டாய ஊழிய வரி’ என விளக்குவது பொருந்தும். சொல் சற்று நீண்டாலும், அச்சுமையைத் தாங்கிய குடிகள் மொழிபெயர்ப்பில் மறைந்துபோகமாட்டார்கள்.