பஸ் முதலாளியும் பரம்பிக்குளத்து நீரும்

செல்வமும் அரசியலும் ஒருவரிடத்தே சேருங்கால் மக்கள் ஐயுறுதல் இயல்பே. போடியார் சொல்லே ஊர்ச் சொல்லாயிருந்த காலத்தைப் படுவான்கரையிலுள்ள நம் முதியோர் நன்கறிவர். அவ்வையத்தை விடாமலே தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி நா. மகாலிங்கம் அவர்களின் வாழ்வையும் நோக்கலாம்.

அன்னார் 1923ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் நாச்சிமுத்துக் கவுண்டர் 1931இல் இருபத்தொரு வண்டிகளுடன் ஆனைமலை பஸ் கம்பனியைத் தொடக்கியவர். மைந்தர் சென்னையில் கற்று, குடும்பத் தொழிலிற் புகுந்து, காங்கிரஸ் வேட்பாளராக 1952, 1957, 1962 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்று பதினைந்தாண்டு சட்டசபையில் இருந்தார்.

அவர் சபையில் இருந்து செய்தவற்றுள் தலையாயது நீருக்காக வாதாடியதே. ஆனைமலையிற் பெய்யும் மழை மேற்கே கேரளத்துக்கு ஓட, கிழக்கே பொள்ளாச்சியும் உடுமலைப்பேட்டையும் வறண்டு கிடந்தன. மலையாறுகளை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்புவதே பரம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டம். எட்டு ஆறுகள் இதிற் பிணைக்கப்பட்டன. இது ஒருவர் தனிச் செயலன்று, காமராசரும் சி. சுப்பிரமணியமும் வேட்டைக்காரன்புதூர் வி. கே. பழனிசாமிக் கவுண்டரும் உடனுழைத்தனர். கேரளத்துடனான உடன்படிக்கை 1970இலேதான் கைச்சாத்தாயிற்று. எனினும் 1958 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. நீர்ப் பங்கீட்டுப் பிணக்கு அதன் பின்னும் ஓய்ந்தபாடில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நன்மையையும் கசப்பையும் ஒருங்கே கண்ட நமக்கு இது வியப்பன்று.

பெருநிலக்காரரும் அந்நீரால் வளம் பெற்றனரே என்பார் உளர். மெய்தான். ஆயினும் வாய்க்கால் போடியார் வயலுக்கு மட்டும் பாய்ந்து நின்றுவிடுவதில்லை. கடைமடைச் சிறு வெள்ளாமைக்காரனும் மடை திறக்கக் காத்திருக்கிறான். பதவி தம் கம்பனிக்கு அரணாகவும் அமையவில்லை. 1970களின் தொடக்கத்திலே தி.மு.க. அரசு பெரிய பஸ் கம்பனிகளை அரசுடைமையாக்கியபோது ஆனைமலை வண்டிகளும் சேரன் போக்குவரத்துக் கழகத்திற் சேர்ந்தன. தந்தை தேடிய தொழில் கைவிட்டுப் போயும் அவர் சோர்ந்திலர். 1960களிலேயே தொடங்கியிருந்த சக்தி சர்க்கரை ஆலை அவருக்கு இருந்தது.

சைவ இளைஞராகிய நாம் கருதவேண்டியது மற்றொன்றும் உண்டு. வள்ளலார் பாலும் காந்தியடிகள் பாலும் அவர் பெரும் பற்றுடையவர்; இருவர்க்கும் சேர்த்து ஆண்டுதோறும் சென்னையில் விழா எடுப்பித்தார். 2007இல் இந்திய அரசு பத்மபூஷண் வழங்கியது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி, காந்தி பிறந்த அந்நாளிலே, அவ்விழா மண்டபத்திற் கூட்டம் நடந்துகொண்டிருக்கையில் தொண்ணூற்றோராம் அகவையில் அவர் ஆவி பிரிந்தது.